ஏழாம் மாடி வெயில்

கள்ளிச் செடியைக் கொல்வது அவ்வளவு சுலபமில்லை. பாலைவனத்தில் பிறந்த ஜென்மம் அது. மாசக்கணக்கில் மழையில்லாமல் நிற்கும், வாய் வைக்கிற ஆட்டின் வாயைக் கிழிக்கும். அதையும் கொன்றுவிடுகிறார்கள் எங்கள் ஜனங்கள். பதினோரு வருஷமாக அரசாங்கத்தில், வீடு வீடாகப் போய்ச் செடியைச் சோதிக்கிற கள்ளிப் பார்வையாளர் வேலை பார்க்கிறேன். என் கையால் பிடுங்கிப் போட்ட செத்த கள்ளிகளில் பத்துக்கு ஒன்பது அன்பினால் செத்தவை.

தண்ணீர் ஊற்றியே கொல்வார்கள். பிள்ளைக்கு உயிர் கொடுக்கிற செடி, அது காய்ந்து நிற்கும்போது நாம் மட்டும் எப்படிக் காப்பி குடிப்பது என்று அதற்கும் தினம் ஒரு டம்ளர். ஆடி வெள்ளி வந்தால் மஞ்சள் தண்ணீர். ஒரு வீட்டில் பாலே ஊற்றியிருந்தார்கள். இன்னும் சிலர் வெயிலிலேயே வைக்க மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரி கண் வைத்துவிடுவாளாம், அதனால் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். கண்ணேறு கழிய வாசலில் கட்டித் தொங்கவிட்ட ஜாதிச் செடிக்கே இப்போது கண்ணேறு பயம். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் வாய் நீண்டுவிட்டது. யாரைக் கண்டாலும் முதல் வார்த்தை, "தண்ணி ஊத்தினியா?" என்பதுதான்.

என் பெயர் பிரிசில்லா. அந்தப் பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே 'கள்ளி மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அந்த மேடமும் இருக்காது.

வாரியக் குடியிருப்பில் மொத்தம் இருபத்திரண்டு பிளாக். எல்லாரும் ஒரே ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து எடுத்துவரப்பட்டவர்கள். அந்த ஆற்றில் கலந்த ஆலைக் கழிவு அவர்கள் ரத்தத்தில் ஏறி, தசைவற்று நோயாகக் கூடவே வந்துவிட்டது. உடம்பு செய்ய வேண்டிய ஒரு சரக்கைச் சிலருடைய உடம்பு செய்ய மறந்துவிடும். முதலில் கால் சோரும், பிறகு கை, கடைசியில் மூச்சு. அந்தச் சரக்கைக் கள்ளியின் சாற்றில் விளையவைக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகுதான் நோயுள்ள பிள்ளைக்கு ஒரு தொட்டி என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். பதினாலு வயதுக்குள் இருந்தால்தான் தொட்டி. அதற்கு மேற்பட்டவர்களுக்கு உத்தரவில் 'அடுத்த கட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த அடுத்த கட்டம் பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

பதினாலாவது பிளாக் இரண்டாம் மாடியிலிருந்து சம்பூரணம் போன் செய்தபோது மாசி மாசம் முடிகிற சமயம். "செடி தலை சாஞ்சுட்ச்சு மேடம்" என்றாள். குரலில் அழுகை இருந்தது.

சம்பூரணம் ஒரு கம்பெனியில் தரை துடைக்கிற வேலைக்குப் போகிறவள். காலை ஆறரைக்கு வேன் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் இறங்குவாள். புருஷன் லாரி டிரைவர், மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே பெண் மதுரவல்லிக்கு ஒன்பது வயது. தினமும் காலையில் ஊசியைக் கள்ளியின் தண்டில் செருகி நாலு மில்லி சாறு உறிஞ்சி, அதை அந்தப் பெண் குடிக்க வேண்டும். குடித்தால் பள்ளிக்கூடம் போவாள். விட்டால் மூன்று வாரத்தில் நடக்க மாட்டாள்.

நான் போனபோது செடி கூடத்து மூலையில் ஒரு ஸ்டூல்மேல் இருந்தது. முழங்கை நீளத் தண்டு, நடுவிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து, நுனி ஸ்டூலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வரிகளுக்கு நடுவே பள்ளம் விழுந்திருந்தது. மண்ணில் விரலை வைத்தேன். ஈரம்.

"தண்ணி ஊத்தினியா?"

"மாசத்துக்கு ரெண்டு தரம்தான் மேடம். நீங்க சொன்ன மாதிரியே."

"இந்த ஈரம் என்ன, ஆகாசத்துலருந்து வந்துச்சா?"

"காலைல சாஞ்சிருந்தத பாத்ததும் மனசு கேக்கல மேடம். அரை டம்ளர்தான்..."

"அரை டம்ளரு! எல்லாரும் எங்கிட்ட அரை டம்ளர்தான் சொல்றாங்க. செடி மட்டும் செத்துப்போவுது. இது செத்தா என்ன ஆவும் தெரியுமா? கவனக்குறைவுன்னு எழுதுவேன். பேரு லிஸ்ட்டுல கடேசிக்குப் போயிடும். அடுத்த தொட்டி வர நாலு வருஷம். அதுவரைக்கும் இவ இருப்பாளா?"

பிள்ளையை வைத்துக்கொண்டே இதைச் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மதுரவல்லி பயந்த மாதிரி தெரியவில்லை. என் பையைக் குடைந்துகொண்டே கேட்டாள். "ஏன் மேடம் கள்ளி? ரோஜாச்செடில மருந்து வெச்சிருக்கலாம்ல? பூவாச்சும் பூக்கும்."

"ரோஜா தண்ணிய அன்னன்னைக்குக் குடிச்சுத் தீத்துடும். கள்ளி அப்படி இல்ல, வயித்துலயே சேத்து வெச்சுக்கும். உன் உடம்பு செய்யத் தெரியாத மருந்த இது செஞ்சு அந்தத் தண்ணியில பத்திரமா வெச்சிருக்கு. ஃப்ரிட்ஜ் வேணாம், கரண்ட் வேணாம். உனக்கு வேணும்ங்கிறப்ப எடுத்துக்கலாம்."

"கிளையை ஒடச்சு இன்னொரு தொட்டில நட்டா?"

"வேரு விடாது. இத கண்டுபிடிச்சவங்க விடக் கூடாதுன்னே செஞ்சிருக்காங்க. ஊரெல்லாம் வளந்துட்டா அப்புறம் அவங்கள யாரு தேடுவா?"

மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் வற்றி நிமிரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அழுகல்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அடித்தண்டை ஒரு தரம் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அழுகினால் அது கொழகொழவென்று இருக்கும், மஞ்சள் பாய்ந்திருக்கும். இதெல்லாம் நானே பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிற சங்கதி. ஈரத்தைப் பார்த்ததும் கையும் வாயும் தானாக ஓடிவிட்டன.

பதினாறாம் நாள் மறுபடி போன் வந்தது. இந்த முறை சம்பூரணம் அழவில்லை. "மதுரா காலைல எழுந்திருக்கல மேடம். ஊசில சாறு வர மாட்டேங்குது" என்றாள்.

படியேறிப் போனேன். லிப்ட் வழக்கம்போல ஓடவில்லை. மதுரவல்லி பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதத்தை மடக்கச் சொன்னேன், மடங்கியது, நீட்ட முடியவில்லை. செடியோ சுருங்கி, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி வரிவரியாகக் கிடந்தது. பழைய பேப்பரை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் அழுகவில்லை. வெள்ளையாக, சுத்தமாக, வைக்கோல் மாதிரி உலர்ந்து இருந்தது. செடி தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது. நான் தண்ணீரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. நாளுக்கு நாலு மில்லி எடுத்து, மாசம் இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினால் இந்தச் செடிக்குத் தாராளம். அப்படியானால் தண்ணீர் எங்கே போனது?

தண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஊசி குத்தின இடமெல்லாம் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். முன்பக்கம் அந்தப் பொருக்குகள் கோணலும் மாணலுமாக ஏறின. அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவளின் கை. பின்பக்கம் இன்னொரு வரிசை இருந்தது. ஒரே இடைவெளி, ஒரே நேர்கோடு, தையல் போட்ட மாதிரி. அது ஊசி பிடித்துப் பழகின கை.

"இந்த பிளாக்குல யாரு துணி தைக்கிறது?" என்று கேட்டேன்.

மதுரவல்லிதான் சொன்னாள். "ஏழாவது மாடி சபுரா ஆன்ட்டி. பகல்ல செடி அங்கதான இருக்கும்."

"மதுரா!" என்றாள் தாய்.

செடியைத் துணியில் சுருட்டிக் கையில் ஏந்திக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். பின்னாலேயே சம்பூரணம் "மேடம், மேடம்" என்று ஓடிவந்தாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் யார் பேச்சும் காதில் விழவில்லை.

சபுராவுக்கு நாற்பத்திரண்டு வயதிருக்கும். புருஷன் போய் ஆறு வருஷம், தனியாக இருக்கிறாள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழ முயன்றாள். மெஷினைப் பிடித்து, சுவரைப் பிடித்து, மூன்று தவணையில் எழுந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"ஒரு கொழந்த வாயிலருந்து புடுங்கித் தின்னுருக்கியே, உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? பங்கு எடுத்தா தொட்டியவே தூக்கிட்டுப் போயிடுவாங்க. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம்" என்றாள் சபுரா. "நான் திருடல. வெயில் குடுத்தேன்."

"என்னது?"

சம்பூரணம் எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். "நான்தான் மேடம் சொன்னேன். எங்க ஊட்ல வெயில் ஏது? எதிர் பிளாக்கு மறச்சுக்கிது. பதினோரு மணிக்கு வாசல்ல ஒரு கீத்து விழும், இருபது நிமிஷம். நீங்க வர்ற அன்னைக்கு லீவு போட்டுச் செடியோட இங்கதான் இருப்பேன், நீங்க வர்றது எப்பவும் பதினோரு மணிதான். அதப் பாத்துட்டு 'வெயில் போதுமானது'ன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. மொட்ட மாடிக்குப் பூட்டு. முத ஆறு மாசத்துல செடி வெளுத்து நூலா போயிட்ச்சு. சபுராக்காதான் அவங்க ஊட்டு பால்கனில வெச்சுக்கோன்னாங்க. அவங்களுக்கும் இதே நோயிதான், வயசாயிட்ச்சுன்னு தொட்டி கெடையாது. நான் பாத்துக்கிட்டே இருந்து, ஒரு நாலு மில்லி எடுத்துக்கோங்கக்கான்னு நானாதான் சொன்னேன். அவங்க வெயில் இல்லன்னா எம் பொண்ணுக்குச் செடியே இல்ல மேடம்."

பால்கனியைப் பார்த்தேன். மத்தியான வெயில் தரை முழுக்க விரிந்து கிடந்தது.

"சரி, ரெண்டு பேரு எடுத்தா ரெட்டிப்பா தண்ணி ஊத்தணும்னு தோணலியா?"

"தோணுச்சு மேடம்" என்றாள் சம்பூரணம். குரல் தாழ்ந்துவிட்டது. "போன வருஷம் உங்களுக்கு போன் போட்டு, மாசத்துக்கு நாலு தரம் ஊத்தலாமான்னு கேட்டேன். செடியக் கொல்லப் போறியான்னு கத்துனீங்க."

நான் அப்படிக் கத்தியது எனக்கு ஞாபகம்கூட இல்லை. ஆனால் கத்தியிருப்பேன். எல்லாரிடமும் அப்படித்தான் கத்துகிறேன்.

சபுராவின் கட்டிலில் உட்கார்ந்தேன். யாரை எதற்காகத் திட்டுவது என்று தெரியவில்லை. விதிப்படி 'பங்கு எடுத்தல்' என்று எழுதினால் தொட்டி போய்விடும், மதுரவல்லி போய்விடுவாள். 'கவனக்குறைவு' என்று எழுதினாலும் அதேதான். 'செடி நோய்' என்று எழுதினால், செடி தேறும்வரை நாலு நாளைக்கு ஒரு தரம் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள். நாற்பது நாள் வரைக்கும் தருவார்கள். நாற்பது நாள் இந்தச் செடியில் ஊசியே படக் கூடாது.

"நோயின்னு எழுதறேன்" என்றேன். "மதுராவுக்கு ஊசி கெடைக்கும். ஆனா உங்களுக்கு..."

"எனக்கு எதுல பேரு இருக்கு மேடம், கெடைக்கறதுக்கு" என்று சபுரா சிரித்தாள். "பெரிய உடம்பு, தாங்கும். நீங்க செடியப் பாருங்க."

அன்றைக்கு மூன்று பேருமாகத்தான் அந்தச் செடியைத் திருப்பி நட்டோம். காய்ந்து போன வேர் நுனிகளை மட்டும் கத்தரித்தேன். ஆற்று மணல், செங்கல் ஜல்லி, செம்மண், ஒரு கை கரித்தூள் கலந்து மண் போட்டேன். மேலே ஊற்றாமல், ஒரு பேசினில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அதற்குள் உட்காரவைத்தேன். அடி ஓட்டை வழியாக அதுவாகக் குடித்து, மேல்மண் நிறம் மாறினதும் தூக்கி வடியவிட்டோம். ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, தண்டை அதோடு சேர்த்துக் கட்டச் சபுரா ஜாக்கெட் லைனிங் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். கயிறு என்றால் தண்டை அறுக்கும், லைனிங் துணி மெத்தென்று இருக்கும் என்றாள். எனக்குத் தோன்றாத யோசனை அது.

"மொத வாரம் வெயில்ல வைக்கக் கூடாது. சொணங்கிக் கெடக்கிற செடிக்கு வெயிலும் அடிதான். அப்புறம் காலை வெயில். அப்புறம் முழுசா. தெனமும் கால் சுத்து திருப்பி வைக்கணும். இல்லன்னா வெளிச்சம் இருக்கிற பக்கமே சாயும். மண்ணு காய்ஞ்ச பிறகு மறுபடி பேசின் தண்ணி. காயறதுக்கு முன்னாடி கூடாது. இனிமே இந்தச் செடிக்கு மாசத்துல நாலு தரம்."

"நாலு" என்றாள் சம்பூரணம், நம்ப முடியாத மாதிரி.

"ஆமா, நாலு. நானே சொல்றேன்."

பத்தாம் நாள் போனபோது செடியில் ஒரு மாற்றமும் இல்லை. சபுராவின் இடது கை மட்டும் மடியில் கிடந்தது. இருபத்தைந்தாம் நாள் போனேன். தொட்டியின் விளிம்பில் தையல் சாக்பீஸால் நாலு பக்கமும் நாலு கோடு போட்டிருந்தாள், எந்தப் பக்கம் திருப்பினோம் என்று மறக்காமலிருக்க. கையால் தொட்டியைத் திருப்ப வலுவில்லை. தரையில் உட்கார்ந்து முழங்காலால் முட்டி முட்டி ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தள்ளினாள். நான் திருப்பித் தருகிறேன் என்று குனிந்தேன். "வேணாம் மேடம். நீங்க நாளைக்கு வர மாட்டீங்க, நான்தான் செய்யணும்" என்றாள். சரிதானே. கையை எடுத்துக்கொண்டேன்.

மதுரவல்லி ஊசியின் புண்ணியத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒவ்வொரு படியாக ஏழு மாடி ஏறிவந்து, சபுராவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். சபுராவின் விரல்களுக்கு நூல் அகப்படாமல் போயிருந்தது.

முப்பத்திரண்டாம் நாள் செடியின் நுனியில் இளம்பச்சை தெரிந்தது. சிவப்பாக, மெத்தென்று, புது முள் நாலு. வரிகளின் பள்ளம் நிரம்பிக்கொண்டு வந்தது. துணிக்கட்டை அவிழ்த்தேன். குச்சியில்லாமல் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அந்தச் செடியை எனக்குக் கும்பிடலாம் போலிருந்தது. பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டவர்களை எல்லாம் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்.

நாற்பத்தோராம் நாள் காலையில் சம்பூரணம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஊசியோடு ஏழாம் மாடிக்கு வந்தாள். முன்பக்கம் குத்தி நாலு மில்லி எடுத்து மதுரவல்லிக்குக் கொடுத்தாள். பிறகு தொட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் குத்தி இன்னொரு நாலு மில்லி எடுத்தாள். சபுராவுக்குக் கை தூக்க வரவில்லை. சம்பூரணமே தலையைத் தாங்கி வாயில் ஊற்றினாள். "கசக்குது" என்று சபுரா முகத்தைச் சுளித்தாள். "சக்கர போடட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டு சம்பூரணம் அழுதாள். நான் பால்கனிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அரசாங்க ஊழியர் இதைப் பார்க்கக் கூடாது.

பார்க்காவிட்டாலும் எழுத வேண்டும். மேலதிகாரி என்றைக்காவது சோதனைக்கு வந்தால் பின்பக்கத்து வரிசையைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு ஒரு காரணம் வேண்டும். இரண்டு நாள் யோசித்து, அறிக்கையில் இப்படி எழுதினேன்: 'செடி முழுமையாகத் தேறிவிட்டது. சோதனை முறையில் நாளொன்றுக்கு எட்டு மில்லி சாறு எடுத்துப் பார்க்கப்பட்டது. மாதம் நான்கு முறை அடிநீர் கொடுத்தால் இச்செடி எட்டு மில்லியைத் தாங்குகிறது.' இனி எத்தனை வரிசைப் பொருக்கு இருந்தாலும் யாரும் கேட்க முடியாது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது. பதினோரு வருஷத்தில் விதியை வளைத்து ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கிறோம் என்று அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாசம் கழித்து மாதாந்திர முகாமுக்கு இருவரும் ஒரு படிவத்தோடு வந்தார்கள். வீட்டை மாற்றிக்கொள்கிறார்களாம். சம்பூரணம் ஏழாம் மாடிக்கு, சபுரா இரண்டாம் மாடிக்கு. தொட்டி முகவரி மாறுவதால் என் கையெழுத்து வேண்டும்.

"என்ன சபுரா, படியேற சோம்பேறித்தனமா?" என்று கிண்டல் பண்ணினேன். அவள் நடை முன்னைவிடத் தளர்ந்துதான் இருந்தது. நாற்பது நாள் பட்டினியின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆமா மேடம். லிப்ட்டு என்னைக்கி ஓடும், அல்லாதான் அறிவான்."

சம்பூரணம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு மாறுகிற கவலை என்று நினைத்தேன். செடிக்குச் சொந்த வீட்டிலேயே வெயில், சபுராவுக்கு ஏறி இறங்குகிற பாடு இல்லை, எல்லாருக்கும் நல்லது என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு என்னை வேறு பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வர ஏழு மாசம் ஆனது. வந்ததும் முதல் வேலையாகப் பதினாலாவது பிளாக்குக்குத்தான் போனேன். சம்பூரணத்துக்கு அன்றைக்கு லீவு.

ஏழாம் மாடி பால்கனியில் அந்தக் கள்ளி தொட்டியோடு சேர்த்து இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து நின்றது. கரும்பச்சை, ஊசி மாதிரி நேர்த் தண்டு. தொட்டி விளிம்பில் சாக்பீஸ் கோடு நாலும் புதிதாகப் போட்டிருந்தது. மதுரவல்லி பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த சர்டிபிகேட் சுவரில் தொங்கியது. தண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வரிசை இருந்தது. நேற்றைய பொருக்குக்கூட இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது.

"சபுராக்கு நீயே எடுத்துட்டுப் போய்க் குடுக்கிறியா?" என்று கேட்டேன். பின்வரிசையும் இப்போது கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. செடி இருக்கிற வீட்டுக்காரிதானே இப்போது குத்த வேண்டும்.

சம்பூரணம் உள்ளே போய் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மதுரவல்லியின் பெயர். நாலு மில்லி என்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதியிருந்தது.

"வளர்ற பொண்ணு, நாலு பத்தாது, முன்னாடியே ஏத்தியிருக்கணும்னு டாக்டர் சொன்னாரு மேடம். செடி தாங்காதுன்னுதான் இவ்ளோ நாளு ஏத்தலயாம். இப்ப எட்டு மில்லி தாங்கும்னு ரிப்போர்ட் வந்துட்ச்சாம்."

எந்த ரிப்போர்ட் என்று நான் கேட்கவில்லை.

"நான் நாலே குடுத்துப் பாத்தேன் மேடம். சீட்டு வந்த அப்புறமும் பத்து நாளு. மதுராவுக்குக் கால் இழுக்க ஆரம்பிச்சுட்ச்சு. சபுராக்காதான் அதப் பாத்துட்டுச் சீட்டக் காட்டுன்னாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியும். மறுநாளுலருந்து வாய தொறக்கல. ரெண்டு மில்லியாச்சும் குடிங்கக்கான்னு கால்ல விழுந்தேன். கதவச் சாத்திக்கிட்டாங்க. அப்புறம்தான் ஊட்ட மாத்திக்கலாம்னு அவங்களே படிவம் வாங்கியாந்தாங்க. நான் போயிட்டா இந்த ஊட்டுக்கு யாரு வருவாங்களோ, வெயிலு கொழந்தைக்குத்தான் இருக்கணும்னாங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் என்ன மேடம் பண்ணுவேன்? நான் அவளுக்கு ஆத்தா."

சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தேன். படியிறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அந்த அறிக்கையின் வரிதான் மனசில் ஓடியது. எட்டு மில்லியைத் தாங்குகிறது. சபுராவின் பங்குக்கு யாரும் கை வைக்கக் கூடாதென்று நான் எழுதிய வரி அது. அன்பாகத்தான் எழுதினேன். பால் ஊற்றினவர்களும் அன்பாகத்தான் ஊற்றினார்கள்.

இரண்டாம் மாடியில் கதவு திறந்திருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சபுரா உட்கார்ந்திருந்தாள். உட்காரவைக்கப்பட்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். இரண்டு கையும் மடியில். உள்ளே தையல் மெஷினுக்குத் துணி போர்த்தியிருந்தது. மணி பதினொன்று. எதிர் பிளாக்கின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் வாசலில் விழுந்திருந்தது.

"வாங்க மேடம்" என்றாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சபுரா. ரொம்ப நல்லா இருக்கு."

"திருப்பி வெக்கிறாங்களா?"

"வெக்கிறாங்க. கோடெல்லாம் போட்டு."

"மதுராதான் போடுறா. நான் சொல்லிக் குடுத்தேன்."

நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை. "நான் தப்பா எழுதிட்டேன். மாத்தி எழுதறேன். எட்டு தாங்காது, நாலுதான்னு இன்னைக்கே எழுதறேன்."

"எழுதினா?" என்றாள் சபுரா. "அந்தப் புள்ளைக்குக் கொறைப்பாங்க. எனக்குக் குடுன்னு எங்கயாச்சும் எழுதுவாங்களா?"

அந்தச் செடியில் எட்டு மில்லிதான் உண்டு. அதில் யாருக்கு எவ்வளவு என்று மாற்றி மாற்றி எழுதத்தான் எனக்கு அதிகாரம். ஒன்பதாவது மில்லியை என்னால் எழுத முடியாது.

"ஏழு மாடியும் ஓடி ஏறுதும்மா அது" என்றாள். முதல் தடவையாக என்னை அம்மா என்றாள். "மேலருந்து தடதடன்னு எறங்கற சத்தம் இங்க உக்காந்தா கேக்கும். நாலு மணிக்கி. அதுக்குத்தான் கதவ தொறந்தே வெக்கச் சொல்லியிருக்கேன்."

கீற்று மெல்ல நகர்ந்து அவள் முட்டியைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. சபுரா அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் திருப்பி விடறீங்களா மேடம்?"

எழுந்து நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தேன். அவள் உடம்பில் கனமே இல்லை. வெயில் பக்கமாக நகர்த்தினேன்.

"போதும் போதும்" என்றாள். "கால் சுத்து போதும்."